சைக்கிள் ஏற வெட்கமா?

போன மாதம் என் வைத்தியசாலைக்கு ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவருக்கு வயது 52. வங்கியில் அதிகாரி. மூன்று வருஷமாகச் சர்க்கரை வியாதி, கூடவே முழங்கால் வலி. நாடி பார்த்தேன். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் பார்த்தேன். "உடற்பயிற்சி ஏதாவது செய்றீங்களா?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார்.

"வீட்ல எக்ஸர்சைஸ் சைக்கிள் இருக்கு டாக்டர். ஆசையா வாங்கினாங்க. இப்ப அதுல ஈரத்துண்டுதான் காயுது!"

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். "சரி, நகராத சைக்கிளை விடுங்க. ஓடுற சைக்கிள் ஒண்ணு வாங்கி, வாரத்துல மூணு நாள் ஊருக்கு வெளியே போயிட்டு வாங்களேன்" என்றேன். மனிதரின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"நானா? சைக்கிள்லயா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க டாக்டர்?"

வாசகர்களே, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவரைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அதே வெட்கம் என்னையும் இருபது வருஷம் கட்டிப்போட்டிருந்தது. அதற்கு நான் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

அப்பாவின் ஹெர்குலஸ்

எனக்குச் சொந்த ஊர் ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். மேற்கே பார்த்தால் பொதிகை மலைத் தொடர். அதிலிருந்து இறங்கி வருகிற கடனா நதி. என் அப்பா பரம்பரை வைத்தியர். பட்டம் எதுவும் கிடையாது. ஒரு கறுப்பு ஹெர்குலஸ் சைக்கிள். கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய மரப்பெட்டி. அதற்குள் சூரணம், தைலம், செந்தூரம். விடிந்ததும் கிளம்பினால் சிவசைலம், கடையம், ரவணசமுத்திரம் என்று சுற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத்தான் வீடு வருவார். 74 வயதுவரை ஓட்டினார். அவருக்குச் சர்க்கரையும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை.

அந்தச் சைக்கிளில்தான் நான் குரங்குப் பெடல் போட்டு ஓட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தேன், பட்டம் வாங்கினேன், அம்பாசமுத்திரத்தில் வைத்தியசாலை வைத்தேன். முதலில் மொபெட், அடுத்து மோட்டார் பைக், அதற்கடுத்து கார். கார் வந்த பிறகு நோயாளிகள் மத்தியில் மரியாதை கூடியதை நான் மறைக்க விரும்பவில்லை. "கார் வச்சிருக்கிற வைத்தியர்னா கைராசிக்காரர்தான்" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். எனக்கும் அது இனித்தது!

2018-ல் எனக்கு வயது 49. ராத்திரியில் நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்தேன். மற்றவர்களுக்கு என்றால் உடனே "ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க" என்று சொல்லியிருப்பேன். எனக்கு நானே மூன்று மாதம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் என் மனைவிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி 7.9. மதுமேகம்! தினமும் பத்துப் பேருக்கு மதுமேகத்தைப் பற்றி வகுப்பு எடுக்கிறவனுக்கே மதுமேகம்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. படிக்காத அப்பாவுக்கு 74 வயதிலும் வராத வியாதி, பட்டம் வாங்கிய மகனுக்கு 49 வயதிலேயே வந்துவிட்டது. நடுவில் என்ன மாறியது? சோறு கொஞ்சம் மாறியிருக்கிறது, தூக்கம் மாறியிருக்கிறது. ஆனால் கண்ணுக்கு முன்னால் தெரிந்த பெரிய மாற்றம் ஒன்றுதான். அவர் மிதித்தார். நான் மிதிக்கவில்லை.

நான் மட்டுமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. நம் நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர், அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர் என்று அது கணக்குச் சொன்னது. இவ்வளவு பேருக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்துவிடலாம். மிதிப்பதற்கு யார் எழுதிக் கொடுப்பது?

"காரை வித்தாச்சா வைத்தியரே?"

மறு வாரமே ஒரு சைக்கிள் வாங்கினேன். கியர் வைத்தது அல்ல, சாதாரணச் சைக்கிள். முதல் நாள் காலையில் தெருமுனை டீக்கடையைத் தாண்டும்போது ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

"என்ன வைத்தியரே, காரை வித்தாச்சா? வருமானம் கொறஞ்சிட்டோ?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அடுத்த இரண்டு நாள் நான் போகவே இல்லை. இதை எழுதவும் இப்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

நம் வீடுகளில் சைக்கிள் என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். பால்காரர், தபால்காரர், கூலி வேலைக்குப் போகிறவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். இவர்களுக்கு உரியது அது. கொஞ்சம் வசதி வந்ததும் நாம் முதலில் இறக்கிவைக்கிற பாரம் சைக்கிள்தான். ‘கஷ்டப்பட்ட காலம் போய்விட்டது’ என்பதற்கு அடையாளமாக அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறோம். அதோடு சேர்த்து இடுப்பு, தொடை, கெண்டைக்கால் மூன்றுக்கும் இருந்த வேலையையும் போட்டுவிடுகிறோம் என்பது நமக்குத் தெரிவதில்லை.

நான்காவது நாள் மறுபடி கிளம்பினேன். அதே பெரியவர் அதே கேள்வியைக் கேட்டார். "சர்க்கரை வந்துட்டு அண்ணாச்சி. அதான் மிதிக்கேன்" என்றேன். கடை அமைதியாகிவிட்டது. அந்தப் பெரியவர் மெதுவாக, "எனக்கும் இருக்கு. நான் யார்ட்டயும் சொல்லல" என்றார். உண்மையைச் சொன்னதும் வெட்கம் ஓடிப்போய்விட்டது! வெட்கத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து இதுதான்.

மூன்று சாலைகள், மூன்று வேளை மருந்து

"ஏன் சாலை? வீட்டுக்குள்ளே மிதித்தால் ஆகாதா?" என்று கேட்பீர்கள். ஆகும். தசைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் மனசுக்குத் தெரியும். சுவரைப் பார்த்துக்கொண்டு மிதிப்பவர் பத்தாவது நிமிஷம் கடிகாரத்தைப் பார்க்கிறார், இரண்டாவது மாதம் துண்டு காயப் போடுகிறார். மரத்தையும் வயலையும் பார்த்துக்கொண்டு மிதிப்பவருக்கு நேரம் போவது தெரிவதில்லை. தொடர்ந்து செய்கிறார். எந்த மருந்தும் தொடர்ந்து சாப்பிட்டால்தானே வேலை செய்யும்?

எங்கள் ஊரைச் சுற்றி நான் போகிற சாலைகளைச் சொல்கிறேன். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் இதைப் போல உங்கள் ஊருக்கு வெளியேயும் சாலைகள் இருக்கின்றன. தேடிப் பார்ப்பதற்கு இது ஒரு மாதிரி.

முதல் சாலை, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு. ஆழ்வார்குறிச்சியிலிருந்து மேற்கே சிவசைலம். ஐந்தாறு கிலோமீட்டர்தான். இரண்டு பக்கமும் நெல் வயல், தென்னந்தோப்பு, நடுநடுவே குளம். குளத்தில் நாமக்கோழியும் நீர்க்காகமும் இருக்கும். வழி முழுக்க மலை உங்கள் எதிரிலேயே வரும். சிவசைலத்தில் கடனா நதிக்கரையில் சிவசைலப்பர், பரமகல்யாணி அம்மன் கோயில். மேற்குப் பார்த்த சந்நிதி. இறங்கி, ஆற்றில் கால் நனைத்து, கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம். இன்னும் தெம்பு இருந்தால் கொஞ்ச தூரத்தில் கடனா அணை.

இந்தச் சாலையில் ஒரு சூட்சுமம் உண்டு. மலையைப் பார்த்துப் போவதால் போகும்போது லேசான ஏற்றம். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்றும் எதிரே முட்டும். கஷ்டம் எல்லாம் போகும்போதே முடிந்துவிடும். திரும்பி வரும்போது இறக்கமும் காற்றும் சேர்ந்து உங்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வரும். சாரலும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்! புதிதாக ஓட்டுகிறவர்கள் எப்போதும் இப்படித் திட்டம் போடுங்கள். தெம்பு இருக்கும்போது ஏற்றம், களைத்த பிறகு இறக்கம். இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் பாதி வழியில் ஆட்டோவைத் தேடுகிறார்கள்.

இரண்டாவது சாலை கடையம். ஏழெட்டு கிலோமீட்டர். 1918 இறுதியில் சிறையிலிருந்து வெளியே வந்த பாரதியார், மனைவி செல்லம்மாவின் ஊரான இந்தக் கடையத்தில் 1920 வரை இருந்தார். ஊருக்கு மேற்கே மலையைப் பார்த்தாற்போல வில்வவனநாதர், நித்யகல்யாணி அம்மன் கோயில் இருக்கிறது. பெயரிலேயே வனம்! கால் பழகிவிட்டதென்றால் கடையத்திலிருந்து தென்காசி போகும் பாதையில் தோரணமலைக்குப் போகலாம். படி ஏறி மேலே போனால் முருகன் கோயில். அகத்தியரின் சீடர் தேரையர் வாழ்ந்த மலை இது என்பது எங்கள் மருத்துவ மரபு. ராஜாவின் தலைவலிக்குக் கபாலத்தைத் திறந்தபோது உள்ளே இருந்த தேரையை, பக்கத்தில் தண்ணீர்ச் சத்தம் காட்டிக் குதித்து வெளியேற வைத்தாராம் சீடர். அந்தக் கதையை வழியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போனால் அவர்களுக்கு ஏற்றம் தெரியாது. ஒன்று மட்டும் கவனம். இந்தப் பக்கத்துப் பெரிய சாலைகளில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக் கேரளாவுக்குப் போகிற லாரிகள் ஓடுகின்றன. எங்கெல்லாம் கிராமச் சாலை உண்டோ அங்கெல்லாம் அதில் இறங்கிவிடுங்கள்.

மூன்றாவது சாலை ஆற்றின் கூடவே கிழக்கே இறங்குவது. கடனா நதி தாமிரபரணியோடு கலக்கிற இடம் திருப்புடைமருதூர். ஞாயிற்றுக்கிழமை ஒரு முழுக் காலைப்பொழுது இருந்தால் அங்கே போகலாம். கரையில் பெரிய பெரிய மருத மரங்கள். அவற்றில் பறவைகள். 2005-ல் அரசு இதைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. மருதம்பட்டை இருதயத்துக்கு நல்லது என்று நாங்கள் படித்திருக்கிறோம். அதற்காக அங்கே போய்ப் பட்டையை உரித்து மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள்! பட்டை மரத்துக்குத் தோல். அந்த நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாலே உங்கள் இருதயத்துக்குப் போதும்.

இதைச் சும்மா அழகுக்காகச் சொல்லவில்லை. 1984-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்ததற்கே இந்தப் பலன். நம் முன்னோர்கள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து நிலங்களுக்கும் அதனதன் நோயைச் சொல்லிவிட்டு, மருத நிலத்தை மட்டும் நோய் நீக்கும் நிலம் என்று வைத்தார்கள். ஆறும் வயலும் மரமும் உள்ள நிலம்!

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

தொடைத் தசைதான் உடம்பிலேயே பெரிய தசைகளில் ஒன்று. அது வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்து எரிக்கிறது. ஓட்டி முடித்த பிறகும் பல மணி நேரம் இன்சுலினுக்கு அந்தத் தசை நன்றாகச் செவிசாய்க்கிறது. உடம்பின் எடையைச் சீட் தாங்கிக்கொள்வதால், ஓடுவதைப் போல முழங்காலில் அடி விழுவதில்லை. மூட்டு தேய்ந்தவர்கள்கூடச் சமதளத்தில் மெதுவாக ஓட்டலாம்.

வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 50 நிமிஷம். கணக்கு சரியாகிவிட்டது! டென்மார்க்கில் கோபன்ஹேகன் பக்கத்து மக்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2000-ம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேலைக்குச் சைக்கிளில் போகாதவர்களிடம், போகிறவர்களைவிட இறப்பு விகிதம் 39 சதவீதம் கூடுதலாக இருந்தது.

என் கதைக்கு வருகிறேன். பத்து மாதத்தில் எனக்கு 7.9 என்பது 6.6 ஆயிற்று. சைக்கிள் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். சோற்றைப் பாதியாகக் குறைத்தேன், மருந்தும் சாப்பிட்டேன், இன்றும் சாப்பிடுகிறேன். சித்த வைத்தியர் சொல்கிறேன், கேளுங்கள். ஆங்கில மருத்துவர் கொடுத்த மாத்திரையைச் சைக்கிளை நம்பி நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவைக் குறைப்பதா வேண்டாமா என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* முதலில் சீட். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நீண்டு நிற்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலி நிச்சயம். "சைக்கிள் ஓட்டி மூட்டு வலி வந்துட்டு" என்கிறவர்களில் பலருக்கும் சீட்டை இரண்டு அங்குலம் உயர்த்தினாலே வலி போய்விடுகிறது.

* வேகம் எவ்வளவு? ஓட்டிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். அடக்கக்கூடாத பதினான்கு வேகங்கள் என்று சித்த மருத்துவம் சொல்கிறதே, அதில் இளைப்பும் ஒன்று, நீர்வேட்கையும் ஒன்று. இளைத்தால் இறங்குங்கள். தாகம் எடுத்தால் குடியுங்கள். வீறாப்பு வேண்டாம்.

* நெஞ்சு வலி, இருதய நோய், தலைசுற்றல், கட்டுக்கு அடங்காத ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக்கூடாது.

* இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் கிளம்ப வேண்டாம். பையில் குளுக்கோஸ் அல்லது சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். வேர்த்துக் கை நடுங்கினால் உடனே சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் கடலை மிட்டாய் போதாது. அது மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும்.

* பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் செருப்பில்லாமல் ஓட்டவே கூடாது. வீடு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

* சைக்கிளால் எலும்பு பலப்படாது. எடை தாங்கினால்தான் எலும்பு வலுக்கும். அதனால் மற்ற நாட்களில் நடையும் வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது முக்கியம்.

* நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள். இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவே சைக்கிளை நிறுத்துங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போடுங்கள். பச்சிலை கேட்டு என்னிடம் வராதீர்கள். என்னிடம் இல்லை!

* மலையடிவாரத்தில் நன்றாக விடிந்த பிறகுதான் சைக்கிளை எடுக்க வேண்டும். 2022 நவம்பரில் சிவசைலம் பக்கத்தில் சாலையில் வண்டியில் போனவரைக் கரடி தாக்கியது. காப்பாற்றப் போனவர்களுக்கும் காயம். கடனா அணைக்கு மேலே உள்ளது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் உள்ளே நுழைவது சட்டப்படியும் தப்பு, உயிருக்கும் ஆபத்து. காடு அவற்றின் வீடு. நமக்குச் சாலை போதும்.

* கடைசியாக ஒன்று. போகும் வழியில் வடை, திரும்பும் வழியில் பார்டர் பரோட்டா என்று ஆரம்பித்துவிட்டால் சைக்கிள் என்ன செய்யும், பாவம்!

47 வயதில் ஒரு மாணவி

இப்போது வீட்டுப் பெண்களுக்கு. நான் ஓட்டத் தொடங்கி ஆறு மாதம் கழித்து ஒருநாள் என் மனைவி கேட்டாள். "ஏங்க, எனக்கும் சொல்லித் தருவீங்களா?"

எனக்கு ஆச்சரியம். "உனக்கு ஓட்டத் தெரியாதா?" என்றேன். 23 வருஷம் கூட வாழ்ந்தும் தெரியாமல் இருந்திருக்கிறேன். "அண்ணனுக்கு மட்டும்தான் சைக்கிள் வாங்கினாங்க. நான் தொட்டாலே ஆச்சி சத்தம் போடுவா" என்றாள்.

அவளுக்கு அப்போது வயது 47. பள்ளிக்கூட மைதானத்தில் விடியற்காலையில் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். இரண்டு தடவை விழுந்தாள். முட்டியில் சிராய்ப்பு. பத்தாவது நாள் நான் கையை விட்டது அவளுக்குத் தெரியாது. மைதானத்தின் கடைசிவரை போய்த் திரும்பிப் பார்த்தாள். நான் இந்தக் கோடியில் நிற்கிறேன். அங்கேயே இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எதற்கு அழுதாள் என்று நான் கேட்கவில்லை.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. வயலில் வேலை செய்த பெண்கள், கல் உடைத்த பெண்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் கேலியைத் தாங்கிக்கொண்டு ஓட்டினார்கள். 2001-02-ல் ஒரு பிரிவு மாணவிகளுக்கென்று தொடங்கிய அரசின் இலவச சைக்கிள், பிறகு அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி பிளஸ் ஒன் மாணவ மாணவியர் எல்லாருக்கும் விரிந்தது. இன்றைக்கு எங்கள் ஊர்ச் சாலையில் காலையில் எதிரே வருகிறவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். ஏழைப் பெண்கள் வெட்கத்தை எப்போதோ தாண்டிவிட்டார்கள். நாம்தான் கார் கண்ணாடிக்குள் உட்கார்ந்து வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

சாலை இல்லாமல் சைக்கிள் ஏது?

முக்கியமான விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. நான் சொன்ன மருந்தில் பாதி சைக்கிள் என்றால் மீதிப் பாதி நிழல். சித்திரை வெயிலில் மரமில்லாத சாலையில் எட்டு மணிக்கு மேல் மிதித்துப் பாருங்கள். அது மருந்தல்ல, தண்டனை. திருநெல்வேலி தென்காசி சாலையை நான்கு வழியாக்கியபோது அந்தப் பழைய மரங்கள் போயின. அந்த நிழலில் போய்வந்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். பெரிய சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆம்புலன்ஸும் அதில்தானே போக வேண்டும்? ஆனால் கிராமத்துச் சின்னச் சாலையில் நிற்கிற புளிய மரமும் வேம்பும் மருதமும் யாருக்கு என்ன இடைஞ்சல்?

மரத்துக்கு வாய் கிடையாது. அதற்காகப் பேச அதன் நிழலில் தினமும் போகிற மனிதர்கள் வேண்டும். காரில் ஏசி போட்டுக்கொண்டு போகிறவருக்கு ஒரு மரம் குறைந்தது தெரியாது. சைக்கிளில் போகிறவருக்கு மறுநாளே தலையில் சுடும்! அதனால்தான் நடுத்தரக் குடும்பங்கள் சைக்கிளுக்குத் திரும்ப வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். மனு எழுதத் தெரிந்தவர்கள், அதிகாரியிடம் போய்ப் பேசத் தயங்காதவர்கள் நீங்கள். நீங்கள் அந்தச் சாலையில் இல்லாததால்தான் அதற்காகக் கேட்க ஆள் இல்லை.

கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சொந்த ஊருக்குப் போகும்போது ஒரு நாளாவது போய் உட்காருங்கள். சாலையோரம் பூவரசோ புங்கோ வேம்போ வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். 2021-ல் அரசு அமைத்த குழு அது, கலெக்டர்தான் தலைவர். மரத்தில் நம்பர் எழுதியிருப்பதைப் பார்த்தால் "அனுமதி இருக்கிறதா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே பல கோடரிகள் நிற்கும்.

அந்த வங்கி அதிகாரி என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? போன வாரம் அந்த அம்மா போன் செய்தார். "டாக்டர், இவங்க நேத்து எங்க மாமா பையனோட பழைய சைக்கிளைத் தூசி தட்டிக்கிட்டு இருந்தாங்க. காலையில இருட்டோட ஒரு ரவுண்டு போயிட்டு வந்துட்டாங்க. யாரும் பார்க்கறதுக்கு முன்னாடி!"

"இருட்டில் வேண்டாம்மா, விடிந்த பிறகே போகச் சொல்லுங்க" என்றேன். "நாலு பேர் பார்க்கட்டும். அந்த நாலு பேர்ல ரெண்டு பேருக்காவது சர்க்கரை இருக்கும்."

நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை மாடிப்படிக்குக் கீழே கிடக்கிற சைக்கிளை வெளியே எடுங்கள். டயருக்குக் காற்று அடியுங்கள், செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். தெருமுனையில் யாராவது "என்ன, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்:

"வண்டி நல்லாத்தான் இருக்கு. ரிப்பேர் எனக்குத்தான். அதைத்தான் சரி பண்ணிக்கிட்டு இருக்கேன்!"